காலை எடுக்கறதுக்கு முன்னாடி ரத்தக்குழாயைப் பாருங்க

மதிப்புக்குரிய டீன் அவர்களுக்கும் ரேடியாலஜி துறைத் தலைவர் அவர்களுக்கும்,

போன வாரம் எங்கப்பாவுக்கு மாத்திரை வாங்க வந்தப்ப ஸ்கேன் ரூம் கதவுல புதுசா ஒரு பேப்பர் ஒட்டியிருந்துச்சு. கை கால் ரத்தக்குழாய் டாப்ளர், அதான் குழாய்ல ரத்தம் ஓடறதைப் பார்க்கற ஸ்கேன், இனிமேல் செவ்வாய்க்கிழமை மட்டும், காலைல 9 மணியிலிருந்து 12 வரைக்கும், ஒரு நாளைக்கு 6 பேர்தான். அதுக்குக் கீழயே இன்னொரு பேப்பர், கேத் லேப், அதான் ரத்தக்குழாய்ல குழல் விட்டு அடைப்பைப் பார்த்து எடுக்கற ஆஞ்சியோ ரூமு, இதய நோயாளிகளுக்கு மட்டும், கால் ஆஞ்சியோ தேவைப்படறவங்களை வெளியூருக்கு ரெஃபர் பண்ணுவாங்களாம். முன்னாடி செவ்வாயும் வெள்ளியும் இருந்துச்சு, அதுவே பத்தாம நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும், இப்ப அந்த வெள்ளியையும் எடுத்துட்டீங்க. அந்தக் கதவு முன்னாடி மூணு வாரம் உக்காந்து எந்திரிச்சவ நானு, மாத்திரைப் பையைத் தூக்கிட்டு பேசாம பஸ் ஏறிப் போக மனசு வரல, அதான் எழுதறேன்.

ஊர் பேரும் ஆஸ்பத்திரி பேரும் போடல. டாக்டருங்க யாரையும் கைகாட்டி வம்பிழுக்கற எண்ணம் எனக்கில்ல. எந்தக் கதவுன்னு உங்களுக்குத் தெரியும், அது போதும்.

எங்கப்பா தறிக்காரரு. 40 வருசமா விசைத்தறிதான், பாதி நாள் நைட் ஷிப்டு. நின்னுட்டே வேலை, ஓயாம பீடி, 14 வருசமா சுகர். ரெண்டு வருசமாவே டீக்கடைக்கு நடந்து போனா பாதி வழியில கெண்டைக்கால் இறுக்கிப் பிடிச்சுக்கும், ரெண்டு நிமிசம் நின்னா விட்டுரும், மறுபடி நடப்பாரு, மறுபடி பிடிக்கும். வீட்ல எல்லாரும் 'நரம்பு இழுக்குது'ன்னோம். எங்கூர்ல இதான் பெரிய கெரகமுங்க, எல்லாத்துக்கும் நரம்புதான். ரத்தம் எடுக்கறதும் நரம்புல, சுருட்டிக்கிட்டு நீலமா புடைச்சிருந்தா அதுவும் நரம்பு, மரத்துப் போனாலும் நரம்பு. அதனால நரம்பு டாக்டர்கிட்டப் போயி, நரம்பு ஊசி பத்துப் போட்டு, தைலம் தேச்சு ரெண்டு வருசத்தைத் தொலைச்சோம். நடந்தா வலிச்சு நின்னா விடற வலி காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சதுனால வர்ற வலின்னு ஒருத்தரும் சொல்லல. மாசாமாசம் சுகர் ஓபில வரிசையில நின்னு மாத்திரை வாங்கிருக்கோம், அங்கயும் ஒரு நாள்கூட யாரும் செருப்பைக் கழட்டுங்கன்னு கேட்டதில்ல.

ஆடி மாசத்துல புது செருப்பு வார் கடிச்சு இடது கால் சுண்டுவிரல்ல சின்னதா ஒரு புண்ணு. ஒரு வாரத்துல விரல் நுனி கறுத்துப் போச்சு. ராத்திரி படுத்தா வலி தாங்க மாட்டாரு, எந்திரிச்சு சேர்ல உக்காந்து காலைத் தொங்கப் போட்டுட்டே தூங்குவாரு. தொங்கப் போட்டா வலி கொறையுதுன்னாரு. காலைத் தொங்கப் போட்டா வீங்கும்னு நாங்க திட்டுனோம், வீங்கவும் செஞ்சுச்சு. ரத்தம் மேல இருந்து கீழ எறங்க வழியில்லாத காலு, தொங்கப் போட்டா ஏதோ நாலு சொட்டு சேர்ந்து எறங்கும், அதுதான் அந்த மனுசனுக்குக் கெடைச்ச நிம்மதின்னு ரொம்பப் பின்னாடிதான் எனக்குப் புரிஞ்சுது. அதை இப்ப நெனச்சாலும் என்னமோ பண்ணுது, விடுங்க.

ஓபிக்கு வந்தோம். வீங்கின காலைப் பார்த்ததும் சீட்டுல டாப்ளர், இடது கால்னு எழுதிக் குடுத்தாங்க. அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு. மறுநாளே ஸ்கேன் கெடைச்சுது, பரவால்லயேன்னு நெனச்சேன். ரிப்போர்ட்ல ரத்தக் கட்டி ஒண்ணும் இல்ல, நார்மல்னு வந்துச்சு. மருந்து குடுத்து, கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒன்பது நாள் கழிச்சு விரல் முழுக்கக் கரி மாதிரி ஆகி, பக்கத்து விரலும் நெறம் மாறி, நாத்தம் எடுத்து அட்மிட் ஆனோம். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் குனிஞ்சு பாதத்து மேல ரெண்டு விரலை வச்சுப் பார்த்தாரு, கணுக்கால் உள்பக்கம் பார்த்தாரு, முட்டிக்குப் பின்னாடி பார்த்தாரு. 'பல்ஸே இல்லையே, ஆர்டரி டாப்ளர் எங்க?'ன்னாரு. நான் ஓடிப்போய் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுனேன். 'இது வெயின் டாப்ளர்மா'ன்னாரு.

அந்த ஒரு வார்த்தையிலதான் எனக்கு விசயம் வெளங்குச்சு. கால்ல ரெண்டு வகைக் குழாய் இருக்கு, இதயத்துல இருந்து ரத்தம் கொண்டு வர்றது ஆர்டரி, திருப்பி எடுத்துட்டுப் போறது வெயின். கொண்டு வர்ற குழாய் அடைச்ச மனுசனுக்குத் திருப்பிப் போற குழாயைப் பார்த்துட்டு நார்மல்னு எழுதியிருக்கு. ஸ்கேன் பண்ணவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், வீங்கின காலுன்னா முதல்ல வெயினைத்தான் பார்ப்பாங்களாம். எழுதுனவரு எந்தக் குழாய்னு எழுதல, பார்த்தவங்க விரல் ஏன் கறுத்துருக்குன்னு கேக்கல, அன்னைக்கு அந்த ரூம் வாசல்ல நின்னிருந்த கூட்டத்துக்கு யாருக்கும் எதையும் கேக்க நேரமும் இல்ல. ஆனா எங்கப்பாவுக்குப் போனது ஒன்பது நாளு.

சரி, ஆர்டரி டாப்ளருக்கு எழுதிக் குடுத்தாங்க, டேட் எட்டு நாள் தள்ளி. வார்டுல அட்மிஷன்ல இருக்கற ஆளுக்கு, விரல் அழுகிட்டு இருக்கறவருக்கு எட்டு நாள்! தெரிஞ்சவங்க ஒருத்தரைப் பிடிச்சுக் கெஞ்சி நாலு நாள்ல வாங்குனேன். இதைச் சொல்ல எனக்கு வெக்கமாத்தான் இருக்கு, ஏன்னா நான் முன்னாடி போனதால வேற யாரோ ஒருத்தர் பின்னாடி போயிருப்பாங்க. அந்த ஹால்ல பாதிக்கு மேல மாசமா இருக்கற பொண்ணுங்க, தரையில உக்காந்துருப்பாங்க, சுவத்துல கருவில் இருப்பது ஆணா பெண்ணான்னு சொல்ல மாட்டோம்ங்கற போர்டு, அதை நான் நூறு தடவையாவது படிச்சிருப்பேன். அவங்ககூட போட்டி போட்டு எங்கப்பாவுக்கு எடம் பிடிக்கறது எனக்கும் பிடிக்கலங்க. வயித்து ஸ்கேன் பத்து நிமிசத்துல முடியும், ரெண்டு காலுக்கும் ஆர்டரி டாப்ளர் தொடையில இருந்து பாதம் வரைக்கும் ஒழுங்கா பார்த்தா முக்கா மணி நேரம் ஆகும், அதான் தள்ளி வைக்கறீங்கன்னு தெரியுது. தெரிஞ்சுதான் எழுதறேன்.

ஸ்கேன் பண்ண பிஜி டாக்டர், அதான் மேல்படிப்பு படிக்கற டாக்டர், சின்னப் பொண்ணு, பொறுமையா பார்த்துச்சு. சத்தம் கேக்கற மாதிரி வச்சிருந்துச்சு. வலது கால்ல டப்-டிப்னு போயிட்டுத் திரும்பற மாதிரி ஒரு சத்தம், இடது கால்ல முட்டிக்குக் கீழ புஸ்ஸுனு ஒரே இழுவை. தறிச் சத்தத்தை வச்சே எந்தத் தறியில நூல் அறுந்துருக்குன்னு தூரத்துல இருந்து சொல்ற மனுசன் எங்கப்பா. படுத்துட்டே 'நாடா போகுது, திரும்பி வரல கண்ணு'ன்னாரு. நாடான்னா தறியில ஊடை நூலைக் கொண்டு போயிட்டுத் திரும்பற கட்டை. அந்தப் பொண்ணு சிரிச்சிருச்சு, 'அதேதான் தாத்தா'ன்னுச்சு. நல்ல குழாயில ரத்தம் முன்னாடி போயி லேசா பின்னாடி வந்து மறுபடி முன்னாடி போகுமாம், மேல அடைப்பு இருந்தா அந்தப் பின்வாங்கறது போயிருமாம். ரிப்போர்ட்ல மோனோபேசிக்னு எழுதியிருந்ததுக்கு அர்த்தம் எனக்கு எங்கப்பா சொன்னதுதான். முழு ஆஸ்பத்திரியில எங்களுக்கு ஒழுங்கா விசயம் சொன்ன அரைமணி நேரம் அது ஒண்ணுதான், அந்த டாக்டர் பொண்ணு இதைப் படிச்சா நல்லா இருக்கட்டும்.

அன்னைக்கு அந்த ஹால்ல நடந்த இன்னொண்ணைச் சொல்லியே ஆகணும். அட்டெண்டர் ஒரு பேரைக் கூப்பிட்டு 'வலது கால் டாப்ளர்'னாரு. ஒரு அம்மா சீட்டோட எந்திரிச்சுப் போயி, 'காலை எடுத்து ஆறு நாள் ஆச்சுங்க, டேட் போட்டிருந்தாங்க, வரலேன்னா கோவிப்பாங்களோன்னு வந்தேன்'னு சொல்லுச்சு. அட்டெண்டர் ஒண்ணும் பேசல, சீட்டை வாங்கி வச்சுக்கிட்டாரு. எங்க வார்டுலயே இருந்த ஒரு டீ மாஸ்டரோட சம்சாரம் அது. 52 வயசு ஆளு. முட்டிக்குக் கீழ எடுத்தாங்க, தையல் போட்ட எடம் ஆறல, கறுத்துச்சு, நாங்க கெளம்புறதுக்குள்ள மறுபடி முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க. எதுவரைக்கும் ரத்தம் வருதுன்னு பார்க்காம எங்க வெட்டுனா ஆறும்னு எப்படிங்க முடிவு பண்றது? சீழ் ஏறி உசிருக்கே ஆபத்துன்னா அந்த நிமிசமே எடுத்துத்தான் ஆகணும், ஸ்கேனுக்குக் காத்திருக்க முடியாது, அதுல நான் வாதாட வரல. இந்த ஆளு ஒரு வாரம் வார்டுல காத்திருந்தாரு. அந்த ஒரு வாரத்துல பார்த்திருக்கலாம்.

எங்க கதைக்கு வர்றேன். டாப்ளருக்கு அப்புறம் சிடி ஆஞ்சியோன்னாங்க, சாய மருந்து ஏத்தி ரத்தக்குழாயைப் படம் எடுக்கறது. அப்பாவுக்கு கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் 1.9, அது கூடுதல், சாய மருந்து ஏத்துனா கிட்னி கெடலாம்னு கிட்னி டாக்டர் ஒப்பீனியன் கேட்டாங்க, அது நியாயம்தான், அதுக்கு மூணு நாள். எடுத்த படத்துக்கு ரிப்போர்ட் வர இன்னும் ரெண்டு நாள். தொடையில போற பெரிய குழாய்ல அடைப்புன்னு இருந்துச்சு. மறுநாள் முட்டிக்குக் கீழ எடுக்கணும்னு கையெழுத்து கேட்டாங்க. அடைப்பை எடுக்க முடியாதான்னு கேட்டேன், இங்க கால் ஆஞ்சியோ பண்ண ஆளில்லம்மான்னாங்க. கேத் லேப் இருக்கு, மத்தியானம் 2 மணிக்கு மேல பூட்டியே கெடக்கு, நான் தினமும் அது வழியாத்தான் கேன்டீனுக்குப் போனேன். சென்னை ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரியில ரத்தக்குழாய்க்குன்னு தனித் துறையே இருக்குன்னு வார்டுல ஒரு சிஸ்டர்தான் காதோட காதா சொன்னாங்க. அவ்வளவு தூரம் போக எங்களுக்குத் தெம்பில்ல. எழுதிக் குடுத்துட்டு கோயமுத்தூர்ல காப்பீட்டுத் திட்டத்துல இருக்கற ஒரு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டோம். முதல் நாள்ல இருந்து கணக்குப் போட்டா அன்னைக்கு 21வது நாளு.

போறப்ப சிடி படத்தைக் கேட்டேன். பேப்பர் ரிப்போர்ட்டும் ரெண்டு ஃபிலிமும் குடுத்தாங்க. சிடி தட்டு ஸ்டாக் இல்ல, பென் டிரைவ் போட்டா வைரஸ் வரும், வேணும்னா ஃபோன்ல போட்டோ எடுத்துக்கோங்கன்னாங்க. போட்டோ எடுத்துட்டுப் போனேன். கோயமுத்தூர் டாக்டர் அதைப் பார்த்துட்டு தலையில கை வச்சுக்கிட்டாரு. கெட்டுப்போன கிட்னியை வச்சுக்கிட்டு எங்கப்பா பயந்து பயந்து அந்த மருந்தை உள்ள வாங்கி எடுத்த படம், யாருக்கும் உபயோகம் இல்லாம உங்க கம்ப்யூட்டர்ல கெடக்கு. மறுபடி சிடி போட வேண்டாம், கிட்னி தாங்காதுன்னு அவரே டாப்ளர் மெஷினை இழுத்துட்டு வந்து அரைமணி நேரம் பார்த்தாரு. அவரு சர்ஜன் இல்ல, உங்க டிபார்ட்மென்ட் ஆளுதான், ரேடியாலஜிஸ்ட், படத்துல பார்த்துட்டே குழல் விட்டு வைத்தியம் பண்றவரு, இன்டர்வென்ஷனல்ங்கறாங்க.

மறுநாள் பண்ணாங்க. மயக்கம் குடுக்கல, தொடை மடிப்புல மட்டும் மரத்துப் போக ஊசி. அப்பா முழிச்சுட்டே திரையைப் பார்த்துட்டு இருந்தாராம், வாய்க்கால்ல தண்ணி விட்ட மாதிரி கறுப்பா ஓடி வந்துச்சாம், தொடை நடுவுல டக்குனு நின்னு போச்சாம், அப்புறம் ஒரு கம்பி, ஒரு பலூனு, ஊதுனாங்களாம், வலிச்சுதாம், மறுபடி மருந்து விட்டா கீழ வரைக்கும் ஓடுச்சாம். சாயங்காலம் வார்டுல போய்ப் பார்த்தா பாதத்து மேல பேனாவுல ஒரு எக்ஸ் போட்டிருந்தாங்க. சிஸ்டர் என் விரலைப் பிடிச்சு அதுமேல வச்சாங்க. துடிச்சுது. காலு சுடச்சுட இருந்துச்சு. எத்தனை நாளாச்சோ அந்தக் காலு சூடா இருந்து.

செத்துப்போன ரெண்டு விரலை நாலு நாள் கழிச்சு எடுத்துட்டாங்க. ரெண்டு மாசம் கட்டு மாத்துனோம், ஆறிருச்சு. இப்ப டீக்கடைக்கு நிக்காம நடந்து போறாரு, பீடி இல்ல.

அந்த கோயமுத்தூர் டாக்டர் ஒரு கதை சொன்னாரு. 1964 ஜனவரியில, அமெரிக்காவுல ஆரிகன் மாகாணத்து போர்ட்லேண்ட்ல, 82 வயசு பாட்டி ஒருத்தங்களுக்கு விரல் அழுகி, காலை எடுக்கணும்னு சர்ஜனுங்க சொல்லிட்டாங்களாம், பாட்டி முடியவே முடியாதுன்னுட்டாங்களாம். சார்லஸ் டாட்டர்னு ஒருத்தரு தொடைக் குழாய்ல குழல் விட்டு அந்தச் சுருக்கத்தை விரிச்சு விட்டிருக்காரு, உலகத்துலயே முதல் தடவை. பாட்டி ரெண்டு வருசத்துக்கு மேல சொந்தக் கால்ல நடந்துதான் வேற நோவுல செத்தாங்களாம். பலூனெல்லாம் பத்து வருசம் கழிச்சு 1974ல க்ரூன்ட்சிக்னு இன்னொருத்தர் கொண்டு வந்தது, இதயத்துக்குப் பண்றதெல்லாம் அதுக்கும் அப்புறம் 1977ல. அதாவது இந்த வைத்தியமே கால்ல பொறந்தது. பண்ணவரும் சர்ஜன் இல்ல, எக்ஸ்ரே டிபார்ட்மென்ட் டாக்டரு. இப்ப உங்க கேத் லேப் கதவுல இதயத்துக்கு மட்டும்னு ஒட்டியிருக்கு. துறைத் தலைவர் அய்யா, உங்க துறை கண்டுபிடிச்ச வைத்தியத்தை உங்க ஆஸ்பத்திரியிலயே பண்ணக்கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டறாங்க, உங்களுக்கு வருத்தமா இல்லீங்களா?

ஆள் பத்தலேன்னு சொல்வீங்க. நெசம்தான், ஒரு மெஷின்ல எத்தனை பேர் வந்து விழறாங்கன்னு நானே பார்த்தேன். ஆனா கொஞ்சம் கணக்குப் பாருங்க. எங்கப்பா உங்க வார்டுல படுத்திருந்த நாளுக்குச் சோறு, மருந்து, கட்டு, சிஸ்டர் வேலை எல்லாம் அரசாங்கக் காசு. டீ மாஸ்டருக்கு ரெண்டு ஆபரேஷன். முக்கா மணி நேர ஸ்கேனை மிச்சம் பிடிச்சு இதையெல்லாம் செலவு பண்றீங்க. ஒரு பக்கம் 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்து சுகர் மாத்திரை குடுக்கறாங்க, பாதம் பாதுகாப்போம்னு தனியா திட்டம் வேற வந்திருக்கு, காப்பீட்டு அட்டையில குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு. எல்லாம் இருந்தும் பாதம் வந்து நிக்கற எடம் உங்க ஸ்கேன் ரூம் வாசல், அங்க ஆறு டோக்கன்.

அதனால நான் கேக்கறது இதுங்க. முதல்ல அந்த நோட்டீஸை எடுங்க, வெள்ளிக்கிழமையைத் திருப்பிக் குடுங்க. டேட் முறை சாதாரணக் கேஸுக்கு இருக்கட்டும், ஆனா விரல் கறுத்தவங்க, ராத்திரி காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கறவங்க, பல்ஸ் கெடைக்காதவங்க, இவங்களுக்கு அன்னைக்கோ மறுநாளோ ஆர்டரி டாப்ளர் பார்த்தே ஆகணும்னு ஒரு உத்தரவு போடுங்க. திடீர்னு கால் சில்லுனு ஆகி வெளுத்துப் போய் வர்றவங்களுக்கு ஆறு மணி நேரம்தான் கெடுங்கறாங்க, அவங்களை டோக்கன் வரிசையிலயே நிறுத்தாதீங்க, ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் சரி.

ஸ்கேன் சீட்டுல ஆர்டரியா வெயினான்னு ரெண்டு கட்டம் அச்சடிங்க. எதையும் டிக் அடிக்காம வந்தா ஸ்கேன் ரூம்லயே கேட்டு எழுதிக்கட்டும். இதுக்கு ஆளும் வேண்டாம் காசும் வேண்டாம், இந்த ஒண்ணு இருந்திருந்தா எங்கப்பாவுக்கு ஒன்பது நாள் மிச்சம்.

சுகர் ஓபில செருப்பைக் கழட்டிப் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. கையிலயும் கணுக்கால்லயும் பிரஷர் பார்த்து ரெண்டையும் வகுத்துப் பார்க்கற டெஸ்ட், ஏபிஐங்கறாங்க, 0.9க்குக் கீழ போனாலே அடைப்பு இருக்குன்னு அர்த்தமாம், எங்கப்பாவுக்கு கோயமுத்தூர்ல 0.42. பிரஷர் பட்டையும் கையில பிடிக்கற சின்ன டாப்ளர் பேனாவும்தான் வேணும். சுகர்காரங்களுக்குக் குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சு கல்லாயிருந்தா அந்த நம்பர் பொய்யா தூக்கிக் காட்டுமாம், அப்ப விரல்ல பிரஷர் பார்க்கணுமாம், அதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒரு சிஸ்டருக்குப் பழக்கி விட்டா போதும்.

கேத் லேப்பை வாரத்துல ரெண்டு மத்தியானம் காலுக்குத் திறந்து விடுங்க. இங்க ஆளில்லேன்னா பெரிய ஆஸ்பத்திரியில இருந்து ஒரு டாக்டரை முறை வச்சு வரவழைக்க மேல எழுதுங்க, எழுதுன லெட்டரோட நகலை நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க, நாங்களும் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துத் தொரத்தறோம். அதுவரைக்கும் வெளியூர் அனுப்பறதா இருந்தா எங்க போகணும், எந்த டாக்டரு, என்னைக்கு வரச் சொன்னாங்கன்னு ஃபோன் பண்ணிக் கேட்டு எழுதிக் குடுத்து அனுப்புங்க, சும்மா ரெஃபர்னு ஒரு வார்த்தை எழுதி நடுரோட்டுல விடாதீங்க. எடுத்த படத்தை கேக்காமலே சிடியில போட்டுக் குடுங்க. தட்டு வாங்கக் காசில்லேன்னா சொல்லுங்க, எங்க தறிப் பட்டறைக்காரங்களே ஒரு பெட்டி வாங்கித் தர்றோம்.

கடைசியா ஒண்ணு, இதைத்தான் முக்கியமா கேக்கறேன். உடனடி உயிராபத்து இல்லாத எந்த மனுசனுக்கும், ரத்தக்குழாயைப் பார்த்து, அடைப்பை எடுக்க முடியுமா முடியாதான்னு தெரிஞ்ச ஒரு டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போடாம காலை எடுக்கற ஃபார்ம்ல கையெழுத்து வாங்காதீங்க.

15 நாள் பார்ப்பேன். பதில் எனக்கு வர வேண்டாம், அந்த ஸ்கேன் ரூம் கதவுல ஒட்டுனா போதும். இல்லேன்னா தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டுக் கேப்பேன், கடந்த ரெண்டு வருசத்துல சுகர்காரங்க எத்தனை பேருக்கு இங்க காலை எடுத்தீங்க, அதுல எத்தனை பேருக்கு எடுக்கறதுக்கு முன்னாடி ஆர்டரி டாப்ளர் பார்த்தீங்க, எத்தனை பேருக்கு டேட் வர்றதுக்குள்ள கால் போயிருச்சுன்னு. 30 நாள்ல பதில் குடுக்கணும்.

இப்படிக்கு,
இடது கால்ல மூணு விரலோட நடக்கற தறிக்காரரோட மக